கட்டிலும் கூலியும்: அமெரிக்க டிராவல் நர்ஸ் சம்பளத்தின் முன்கதை

அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் 13 வாரக் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் டிராவல் நர்ஸுக்கு ஏஜென்சி அனுப்பும் சம்பள விவரத்தைப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது அதன் கோணல்தான். வாரம் 36 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 22 டாலர் வீதம் சம்பளம் 792 டாலர். அதற்குக் கீழே தங்குமிடப் படி 900, சாப்பாட்டுப் படி 400. ஆகமொத்தம் வாரத்துக்கு 2,092 டாலர். புரிவதற்காக நான் போட்ட கணக்கு இது. தொகை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், அமைப்பு மட்டும் இப்படித்தான் இருக்கும். மொத்தத்தை 36-ஆல் வகுத்தால் மணிக்கு 58 டாலர் வருகிறது. வரித்துறைக்குச் சம்பளம் என்று காட்டப்படுவது 22 டாலர். தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து வருடம் பழகிய ஒரு நர்ஸின் உழைப்புக்கு இதுதான் விலை என்று கொடுக்கிற ஏஜென்சியும் நம்பவில்லை, வாங்குகிறவரும் நம்பவில்லை. மீதிப் பணம் சம்பளமல்ல, வெளியூரில் தங்கும் செலவுக்கு ஈடு என்று காகிதம் சொல்கிறது. இதை வரிச்சட்டத்தின் சந்தில் முளைத்த புதுத் தந்திரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அந்த நாட்டில் நர்ஸ் தொழில் பிறந்த காலத்திலிருந்தே கூலியின் பெரும்பங்கு கட்டிலாகவும் சாப்பாடாகவும் கொடுக்கப்பட்டு, அது கூலியே அல்ல என்றும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. டிராவல் நர்ஸின் சம்பளச் சீட்டு அந்தப் பழைய கணக்கின் வாரிசு.

கதை 1873-ல் தொடங்குகிறது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை, கனெக்டிகட்டின் நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று இடங்களிலும் நைட்டிங்கேல் முறையைத் தழுவிய செவிலியர் பயிற்சிப் பள்ளிகள் அந்த ஒரே ஆண்டில் திறக்கப்பட்டன. பள்ளி என்று பெயர் இருந்தாலும் வகுப்பு குறைவு, வார்டு வேலை அதிகம். மாணவிக்குத் தங்க இடம், சாப்பாடு, துணி வெளுப்பு ஆகியவற்றோடு கைச்செலவுக்குச் சிறு தொகையும் உண்டு. பெல்வியூவில் தொடக்கத்தில் அது மாதம் 10 டாலர். இந்தத் தொகை உடைக்கும் புத்தகத்துக்குமானது, ஊதியமாகக் கருதப்படக்கூடாது, அவள் செய்யும் வேலைக்குப் பயிற்சியே முழு ஈடு என்று அக்காலப் பள்ளிகளின் அறிவிப்பு ஏடுகள் வெளிப்படையாகவே எழுதின. அப்படியென்றால் அவள் வேலைக்கு மதிப்பு எவ்வளவு என்பது மருத்துவமனைக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பல பள்ளிகள் இரண்டாம் ஆண்டு மாணவிகளை வசதியான குடும்பங்களின் வீடுகளுக்கு நோயாளியைக் கவனிக்க அனுப்பின. அந்த வீட்டார் கொடுத்த கட்டணம் மாணவியின் கைக்கு வரவில்லை, மருத்துவமனைக் கணக்கில் சேர்ந்தது. வெளியே சந்தை விலையும் உள்ளே கைச்செலவுக் காசும் ஒரே பெண்ணின் ஒரே வேலைக்கு அருகருகே நின்றன. இவ்வளவு மலிவான ஆள்பலம் வேறெங்கே கிடைக்கும்? 1880-ல் நாடு முழுவதும் 15 பயிற்சிப் பள்ளிகள்தான் இருந்தன. 1900-ல் அவை 432 ஆகிவிட்டன. கல்வித் தாகம் இருபது வருடத்தில் இப்படிப் பெருகவில்லை. புதிதாக ஒரு மருத்துவமனை கட்டியவர்கள் கூடவே ஒரு பள்ளியையும் திறந்தால் வார்டுக்கு ஆள் கிடைத்துவிடும் என்று கண்டுகொண்டார்கள்.

அந்தப் பெண்கள் குடியிருந்த விடுதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ ஒரு கட்டடம். கீழே வரவேற்பறை, மேலே வரிசையாக அறைகள், எல்லாவற்றையும் கவனிக்க ஒரு மேட்ரன். விளக்கணைக்க ஒரு நேரம், வெளியே போக அனுமதிச் சீட்டு, வருகிறவர் யார் என்று பதிவு, கல்யாணம் ஆனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதற்கு நியாயம் இல்லாமலில்லை. கிராமத்திலிருந்து மகளை நகரத்துக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு அந்த மேட்ரனின் கண்டிப்புதான் உத்தரவாதம். பண்ணை வீட்டுப் பெண்ணுக்கும் அயர்லாந்திலிருந்து குடியேறியவர் மகளுக்கும் அந்தக் கட்டிலும் சான்றிதழும் வீட்டுவேலைக்காரியாக வாழ்வதிலிருந்து தப்பிக்கும் வழியாக இருந்தன. விடுதியைச் சிறை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது அந்தப் பெண்களின் கெட்டிக்காரத்தனத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ஆனாலும் கட்டில் வார்டிலிருந்து நூறடி தூரத்தில் இருந்ததால் பன்னிரண்டு மணி நேர வேலை பதினான்கு மணி நேரமாக நீள்வதைத் தடுக்க ஒன்றுமில்லை. இரவில் அவசரம் என்றால் கதவைத் தட்டினால் போதும். வேலையை விட்டால் தங்க இடமும் அன்றைக்கே போய்விடும் என்பதால், யாரும் சட்டென்று விட முடியவில்லை. தங்குமிடத்தைச் சலுகை என்று அழைத்ததால் அதற்குள் இருந்த இந்தப் பிடி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களின் நிலை இன்னும் வினோதம். மாணவிகள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது படித்து முடித்த நர்ஸை மருத்துவமனை ஏன் வேலைக்கு வைக்கும்? ஆகவே 1920-கள் வரை பெரும்பாலானோர் தனியார் வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கே போனார்கள். ரிஜிஸ்ட்ரி என்ற பதிவகத்தில் பேரைக் கொடுத்துவிட்டு, தொலைபேசி உள்ள ஒரு வாடகை அறையில் காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு நோயாளி வீட்டுக்குக் குடிபோக வேண்டும். சாப்பாடு அந்த வீட்டில், படுக்கை பெரும்பாலும் நோயாளி அறையிலேயே ஒரு மடக்குக் கட்டில். நாள் கூலி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. நோயாளி குணமானாலும் இறந்தாலும் அடுத்த நாள் கூலி இல்லை. திரும்பி வந்து வாடகை அறையில் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும், அந்த நாட்களின் வாடகையும் சாப்பாடும் அவள் பணம். மே ஏயர்ஸ் பர்கெஸ் 1928-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு, செவிலியர் பள்ளிகளைத் தரம்பிரிக்க அமைக்கப்பட்ட குழுவுக்காகச் செய்யப்பட்டது. நாட்டில் நர்ஸ்களுக்குப் பஞ்சம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வேளையில், தனியார் நர்ஸ்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களை அது அம்பலப்படுத்தியது. இன்றைய டிராவல் நர்ஸுக்கு மிக நெருங்கிய மூதாதை விடுதிப் பெண்ணைவிட இந்தத் தனியார் நர்ஸ்தான் என்று நினைக்கிறேன். இடைத்தரகர் மூலம் வேலை, குறுகிய காலம், வேலைநாளில் நல்ல கூலி, வெறும் நாளின் சுமை முழுக்க அவர் தலையில் என்று அத்தனையும் அங்கேயே இருக்கின்றன.

1929-க்குப் பின் வந்த பொருளாதார முடக்கத்தில் வீட்டுக்கு நர்ஸ் வைத்துக்கொள்ளும் வசதி குடும்பங்களிடமிருந்து போய்விட்டது. வேலையிழந்த நர்ஸ்கள் மருத்துவமனை வாசலில் நின்றார்கள். சம்பளமே வேண்டாம், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்று வேலை பார்த்தவர்கள் அக்காலத்தில் கணிசமாக இருந்தார்கள். நம் ஊரில் ‘சாப்பாடு போட்டு சம்பளம்’ என்பார்களே, அதில் பின்பாதி காணாமல் போன நிலை. மருத்துவமனைகளோ இந்த நெருக்கடியில்தான் பட்டம் பெற்ற நர்ஸை நிரந்தர ஊழியராக வைத்துக்கொள்ளும் லாபத்தைக் கற்றுக்கொண்டன. போர்க்காலத்தில் அரசாங்கமே அதே மாதிரியைக் கையில் எடுத்தது. ஓஹையோவின் காங்கிரஸ் உறுப்பினர் ஃபிரான்சிஸ் போல்ட்டன் கொண்டுவந்த 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கேடட் நர்ஸ் படையில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக்கட்டணம், சீருடை, தங்குமிடம் எல்லாம் இலவசம். அதோடு முதல் ஒன்பது மாதம் மாதம் 15 டாலர், பிறகு 20, கடைசிக் கட்டத்தில் குறைந்தது 30. போர் முடிவதற்குள் நாட்டு மருத்துவமனைகளின் வார்டு வேலையில் பெரும்பகுதியை இவர்கள்தான் தாங்கினார்கள். இதிலும் பணம் உதவித்தொகை எனப்பட்டதே தவிரச் சம்பளம் எனப்படவில்லை.

கட்டிலுக்கு இன்னொரு அதிகாரமும் இருந்தது. கறுப்பின நர்ஸ்களைச் சேர்க்காமலிருக்க, அவர்களுக்குத் தனி விடுதி இல்லை என்பது பல நிறுவனங்களுக்குக் கைவசமிருந்த காரணம். ராணுவம் 1941-ல் கறுப்பின நர்ஸ்களுக்கென்று வைத்த ஒதுக்கீடு வெறும் 56. கறுப்பினப் பட்டதாரி நர்ஸ்களின் தேசியச் சங்கத்தை வழிநடத்திய மேபெல் ஸ்டாப்பர்ஸ் விடாமல் போராடியதில் 1945 தொடக்கத்தில்தான் ராணுவமும் கடற்படையும் கதவைத் திறந்தன. தங்குமிடம் வேலையோடு பிணைந்திருந்தால், படுக்கை எங்கே என்ற கேள்வியே வேலை யாருக்கு என்பதையும் தீர்மானித்துவிடும்.

போர் முடிந்ததும் நர்ஸ்கள் கேட்ட முதல் விஷயங்களில் ஒன்று, விடுதியையும் சாப்பாட்டையும் சம்பளக் கணக்கிலிருந்து பிரித்து, முழுச் சம்பளத்தையும் ரொக்கமாகத் தரவேண்டும் என்பது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1946-ல் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் தன் பொருளாதாரப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்றது. வாரம் 40 மணி நேரம், கூட்டுப் பேரம் என்பவை அதில் இருந்தன. கேட்பது சுலபம், வாங்குவதற்கான சட்டம் இல்லை. 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் லாபநோக்கில்லாத மருத்துவமனைகளைத் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்து விலக்கியது. அந்த விலக்கு 1974-ல்தான் நீங்கியது. குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் ஆகியவற்றுக்கான 1938-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைகளுக்குப் பொருந்தியது 1966 திருத்தத்துக்குப் பிறகு. இடைப்பட்ட காலம் முழுவதும் நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை என்ற புலம்பல் ஓயவில்லை. பற்றாக்குறை என்றால் கூலி ஏற வேண்டும், அதுதானே சந்தை? பொருளியலாளர் டொனால்ட் யெட் 1975-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கொடுத்த விடை இன்றும் நிற்கிறது. ஒரு ஊரில் ஒன்றிரண்டு மருத்துவமனைகளே நர்ஸ்களை வேலைக்கு எடுக்கும்போது, புதிதாக வரும் ஒருவருக்குக் கூலியை ஏற்றினால் ஏற்கெனவே இருக்கும் எல்லோருக்கும் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பதில் சில இடங்களைக் காலியாகவே விட்டுவைத்து, ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வது மலிவு. டிராவல் நர்ஸ் என்ற ஏற்பாட்டுக்கு விதை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு வேறு பெயரில் கூடுதல் பணம் கொடுத்தால், உள்ளூர்க்காரர் அதைத் தன் சம்பளத்தோடு ஒப்பிட்டுக் கேட்க முடியாது.

தொழிலுக்குள் சொல்லப்படும் பிறப்புக் கதை சுவையானது: 1978-ல் நியூ ஆர்லியன்ஸில் மார்டி கிரா திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க வெளியூர் நர்ஸ்களை வரவழைத்ததில் எல்லாம் ஆரம்பித்ததாம். திருவிழாவில் பிறந்த தொழில் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதே 1978-ல் மாசசூசெட்ஸில் டிராவ்கோர் நிறுவனமும், 1980-களின் நடுவில் அமெரிக்கன் மொபைல் நர்சஸ் நிறுவனமும் கிராஸ் கன்ட்ரி நிறுவனமும் தொடங்கின. வேலை அந்த நேரத்தில் குளிர்காலத்து ஃபுளோரிடா, அரிசோனா போன்ற இடங்களில் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் ஏஜென்சிகள் காட்டிய ஆசை பணமில்லை, வீடு. மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஏஜென்சியே வாடகைக்கு எடுத்த, கட்டிலும் சோபாவும் பாத்திரமும் போட்ட அபார்ட்மென்ட்; பெரும்பாலும் இரண்டு படுக்கையறையில் முன்பின் அறியாத இரண்டு நர்ஸ்கள். தனியாகத் தங்க வேண்டுமென்றால் சம்பளத்தில் பிடித்தம். பழைய விடுதியின் இந்த மறுபதிப்பில் மேட்ரன் இல்லை, விளக்கணைக்கும் நேரம் இல்லை, கான்ட்ராக்ட் முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் மிச்சமிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏஜென்சிகள் வீடு பிடிக்கும் தொல்லையைக் கைகழுவி, இந்தா பணம், நீயே பார்த்துக்கொள் என்ற நிலைக்கு வந்தன. நர்ஸ்களும் அதையே விரும்பினார்கள், ஏனென்றால் மலிவான அறை கிடைத்தால் மிச்சம் அவர்களுக்கு.

அந்தப் பணம் வரியில்லாமல் கைக்கு வருவதற்கு அடிப்படையான சட்டம் நர்ஸ்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. தொழில் நிமித்தம் வீட்டைவிட்டு வெளியூரில் தங்கும் செலவுக்கு வரி கிடையாது என்பது அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் பழைய விதி. யாருடைய வீடு, எது வெளியூர் என்பதில்தான் தகராறு. மிசிசிப்பியின் ஜாக்சனில் குடியிருந்துகொண்டு அலபாமாவின் மொபீல் நகரில் ரயில்வே கம்பெனிக்கு வக்கீலாக இருந்த ஃபிளவர்ஸ் என்பவர் போக்குவரத்துச் செலவுக்கு விலக்குக் கேட்டார். ஜாக்சனில் இருப்பது அவர் விருப்பம், கம்பெனியின் தேவை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1946-ல் மறுத்தது. வட கரோலினாவின் கின்ஸ்டனில் ஆலை கட்டப்போன கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1958-ல், தற்காலிக வேலையென்றால் விலக்கு, முடிவு தெரியாமல் நீளும் வேலையென்றால் இல்லை என்ற கோடு உறுதியாயிற்று. 1992-ல் காங்கிரஸ் அதற்கு எண் போட்டது: ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் போனால் அது தற்காலிகமல்ல. 13 வாரக் கான்ட்ராக்ட் இந்தக் கோட்டுக்குள் சுகமாக உட்கார்ந்துகொள்கிறது. சொந்த ஊரில் வாடகையோ வீட்டுக்கடனோ கட்டிக்கொண்டு, வேலை ஊரிலும் வாடகை கட்டும் நர்ஸுக்கு இரட்டைச் செலவு உண்மையிலேயே இருக்கிறது. இந்த விதி நியாயமானது; அதை ஒழிக்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 2017-ஆம் ஆண்டு வரிச்சட்டம் ஊழியர்கள் தங்கள் கைச்செலவைத் தாங்களே கழித்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டதால், முதலாளி வழியாக வரும் படி ஒன்றுதான் அவர்களுக்கு மிஞ்சிய வழி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் செலவுக்கான ஈடு என்றால் அது செலவைப் போல நடந்துகொள்ள வேண்டும். 9-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஏஎம்என் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் பார்த்தது இதைத்தான். மொபைல் நர்சஸாகத் தொடங்கிய அதே நிறுவனம் இன்று அந்தத் துறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. வழக்கில் வெளிவந்த நடைமுறை இது: நர்ஸ் ஒரு ஷிப்டுக்கு உடம்பு சரியில்லாமல் வராவிட்டால் அந்த வாரப் படியில் விகிதாசாரப்படி வெட்டு. வேறொரு நாள் கூடுதல் நேரம் பார்த்துச் சேமித்திருந்தால் அந்த மணிகளை வைத்து வெட்டை ஈடுகட்டிக்கொள்ளலாம். நர்ஸ் ஷிப்டுக்கு வராத நாளில் வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா, காய்ச்சலில் படுத்தவர் சாப்பிடமாட்டாரா? இதைவிடக் காட்டிக்கொடுத்தது இன்னொன்று. மருத்துவமனையிலிருந்து 50 மைலுக்குள் குடியிருந்த, பயணமே செய்யாத உள்ளூர் ஊழியர்களுக்கும் அதே தொகை கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு மட்டும் அது வரிக்குரிய சம்பளமாகக் காட்டப்பட்டது. ஆகவே இந்தப் படி வேலை செய்த நேரத்துக்கான ஊதியமாகவே செயல்படுகிறது, ஓவர்டைம் கணக்கிடும்போது அதையும் மணிக்கூலியில் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. முதல் பத்தியின் கணக்கில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்பதை 22 டாலரில் பெருக்கினால் 33. வழக்கமான மணிக்கூலியான 58-ஐவிடக் கூடுதல் நேரத்துக்குக் குறைவான கூலி! வருமானவரித் துறையும் 2012-ல் ஒரு தீர்மானத்தில், ஏற்கெனவே இருந்த சம்பளத்துக்குச் செலவு ஈடு என்று வேறு பெயர் சூட்டினால் அது வரிவிலக்கு பெறாது என்று சொல்லியிருந்தது. மாணவியின் 10 டாலர் சம்பளமல்ல என்று பெல்வியூ காலத்தில் எழுதியதைக் கேள்வி கேட்க நீதிமன்றமே இருக்கவில்லை. இந்த முறை ஒன்று கேட்டது, கேட்டதும் வாதம் நிற்கவில்லை.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லக்கூடிய வலுவான பதில் ஒன்று உண்டு. இவர்கள் விடுதிப் பெண்கள் இல்லை; உரிமம் பெற்ற, அனுபவமுள்ள, விரும்பியே ஊர்மாறும் தொழிலாளர்கள். பல மாநில உரிமத்துக்கான ஒப்பந்தம் 2000-த்தில் நடைமுறைக்கு வந்து, 2018-ல் விரிவாக்கப்பட்டு, இன்று 40 மாநிலங்களைத் தாண்டிவிட்டதால் எல்லை கடப்பது எளிது. அதில் சேராத கலிபோர்னியாவோ நோயாளி-நர்ஸ் விகிதத்தை 2004 முதல் சட்டமாக்கியதால் எப்போதும் ஆள் தேடுகிறது. வரியில்லாத படியால் கைக்கு வருவது கூடுகிறது; ஏமாற்றப்படுவது யார் என்று கேட்கலாம். கொரோனா ஆண்டுகளில் இந்தக் கேள்விக்குப் பலம் கூடியது. 2020 வசந்தத்தில் நியூயார்க்குக்கு வாரம் 10,000 டாலர் வரை வாய்ப்புகள் விளம்பரமாயின. இதை நான் மறுக்கவில்லை. கல்யாணம் ஆனதும் வெளியேற்றப்பட்ட பெண்ணுக்கும் நினைத்தபோது வேலையை மறுக்கக்கூடிய இன்றைய நர்ஸுக்கும் இடையில் உள்ள தூரம் பெரியது. ஆனால் இந்தப் பிரிப்பில் லாபம் நர்ஸுக்கு மட்டும் இல்லை. சம்பளமாகக் காட்டும் ஒவ்வொரு டாலருக்கும் முதலாளி தன் பங்காகச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியாக 7.65 சதவீதம் கட்ட வேண்டும். படிக்கு அது வேண்டாம். சட்டவிரோதம் என்று வந்தால் நிலுவை வரியின் சுமையில் பெரும்பங்கு, சொந்த ஊரில் வீடு வைத்திருப்பதாக எழுதிக் கையெழுத்திட்ட நர்ஸ் தலையில் விழும்.

மருத்துவமனைகளின் புகார் வேறு திசையிலிருந்து வருகிறது: ஏஜென்சிகள் நெருக்கடியில் கொள்ளையடித்தன என்பது. 2022 ஜனவரியில் கிட்டத்தட்ட 200 காங்கிரஸ் உறுப்பினர்கள் இதை விசாரிக்கும்படி வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்கள். ஏஎம்என் நிறுவனத்தின் வருவாய் 2019-ல் சுமார் 222 கோடி டாலராக இருந்து 2022-ல் 524 கோடியானதைப் பார்த்தால் எரிச்சல் வருவது இயல்பே. மருத்துவமனை கொடுக்கும் மணிக்கட்டணத்தில் நர்ஸுக்குப் போனது போக ஏஜென்சிக்கு நிற்பது எவ்வளவு என்பது நர்ஸுக்குத் தெரியாது என்ற குறை உண்மையானது. மாசசூசெட்ஸ் போன்ற மாநிலம் தற்காலிக நர்ஸ் சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு கேட்பவர்களின் பழைய வரலாற்றையும் பார்க்க வேண்டும். அரிசோனாவின் மருத்துவமனைச் சங்கம் ஒரு பதிவகம் நடத்தி, தற்காலிக நர்ஸ்களுக்கும் டிராவல் நர்ஸ்களுக்கும் ஏஜென்சிகளுக்குக் கொடுக்க வேண்டிய கட்டணத்தை உறுப்பினர் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக நிர்ணயித்து வந்தது. இது போட்டியைக் குலைத்து நர்ஸ் கூலியை அமுக்குகிறது என்று மத்திய அரசின் நீதித்துறை 2007-ல் வழக்குத் தொடுத்து, உடன்பாட்டுத் தீர்ப்பால் நிறுத்தியது. யெட் சொன்ன கணக்கு ஏட்டில் மட்டும் இல்லை என்பதற்கு இது அத்தாட்சி. கொரோனாக் காலத்தில் நிரந்தர நர்ஸுக்கு மணிக்கு ஐந்து டாலர் ஏற்றுவதைவிடப் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் டிராவல் நர்ஸுக்கு இரண்டு மடங்கு கொடுப்பதைப் பல மருத்துவமனைகள் தேர்ந்தெடுத்தன. காரணம், முன்னது என்றைக்குமானது, பின்னது 13 வாரத்தில் முடிந்துவிடும். அவ்வளவு பணத்தையும் அடிப்படைக் கூலியாக எழுதாமலிருப்பதற்குப் படி என்ற பெயர் வசதியாக இருந்தது.

கொரோனா அலை இறங்கியபோது இந்த ஏற்பாட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. 2022-ல் கான்ட்ராக்ட் நடுவிலேயே, குறைந்த தொகைக்குச் சம்மதி, இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல்லப்பட்ட நர்ஸ்கள் சில ஏஜென்சிகள் மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் பலர் வாக்களிக்கப்பட்ட தொகையை நம்பி மூன்று மாத வாடகைக்குக் கையெழுத்திட்டு, அட்வான்ஸ் கொடுத்து, காரில் சாமான் ஏற்றிப் பல நூறு மைல் ஓட்டி வந்தவர்கள். விடுதிக் காலத்தில் காலியான கட்டிலின் நஷ்டம் மருத்துவமனைக்கு. ஏஜென்சியே அபார்ட்மென்ட் எடுத்த காலத்தில் அது ஏஜென்சிக்கு. படி வந்த பிறகு அது நர்ஸுக்கு. ஏஎம்என் வருவாய் 2024-ல் 298 கோடிக்கு இறங்கியது. நிறுவனம் அதைக் கணக்கேட்டில் தாங்கிக்கொள்ளும். இரண்டு கான்ட்ராக்டுகளுக்கு நடுவே பல வாரம் வேலையில்லாமல் இருக்கும் நர்ஸுக்குப் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் அந்த இடைவெளியில் நின்றுவிடுகிறது. மருத்துவமனையில் வேலை செய்பவருக்கே மருத்துவம் பார்க்கக் காப்பீடு இல்லாத வாரங்கள். 1920-களின் தனியார் நர்ஸ் தொலைபேசி அருகில் காத்திருந்த நாட்களோடு இதை வைத்துப் பார்க்கலாம்.

ஓய்வுக்காலத்தில் வருவது இன்னும் மெதுவான இழப்பு. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஒருவர் அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் வரிக்குரிய ஊதியத்தைச் சராசரியாக்கி அதிலிருந்து கணக்கிடப்படுகிறது. விபத்தில் முடங்கினால் கிடைக்கும் ஊனமுற்றோர் உதவியும் அதே ஏட்டைப் பார்த்துத்தான். பத்து வருடம் டிராவல் நர்ஸாக இருந்து, வாரம் 2,092 டாலர் வாங்கியவரின் பெயருக்கு நேரே அந்த ஏட்டில் ஏறுவது 792-தான். மீதி 1,300 டாலரில் ஒரு பகுதி உண்மையான வாடகை, ஒரு பகுதி உண்மையான சாப்பாடு, ஒரு பகுதி அவர் தூக்கமில்லாமல் பார்த்த இரவு ஷிப்டுகளின் கூலி. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பை இன்றைக்கு ஏஜென்சி மீது வைக்கும் விதி கிடையாது. வாடகை ரசீதுக்கு ஈடான தொகை மட்டும் படியாகவும், அதற்கு மேற்பட்டது அனைத்தும் சம்பளமாகவும் எழுதப்பட வேண்டும் என்றால், ஏஜென்சியும் மருத்துவமனையும் எதிர்க்கும் என்பது தெரிந்ததே. கையில் வருவது குறையும் என்பதால் நர்ஸ்களிலும் பலர் எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பையும் சமாளித்துத்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கும். 1946-ல் ரொக்கச் சம்பளம் கேட்டபோதும் விடுதியை விட மனமில்லாத நர்ஸ்கள் இருக்கத்தான் செய்திருப்பார்கள்.